வளர்ப்புப் பாம்புக்கு ஒளியுறதுக்கு எடம் ஏன் வேணும், அதுவும் ஏன் ரெண்டு எடம்?

பாம்பு வளர்க்க ஆரம்பிக்கிறவங்க மொதல்ல கண்ணாடி டேங்க் வாங்குவாங்க, அப்புறம் லைட்டு, தண்ணிப் பாத்திரம், பாக்க அழகா ஒரு மரக்கொப்பு. பாம்பு உள்ள போய் சுருண்டு படுக்கிறதுக்கு இருட்டா ஒரு எடம் வேணும்ங்கிறது கடைசியாத்தான் ஞாபகம் வரும். சில பேருக்கு ஞாபகம் வந்தாலும் வைக்க மனசு வராது, இவ்வளவு காசு குடுத்து வாங்கின பாம்பு கண்ணுலயே படாம போயிருமேன்னு ஒரு நெனப்பு. ஆனா அந்த எடம் இல்லாட்டி மத்த எல்லாம் சரியா இருந்தும் பாம்பு நல்லா இருக்காது. பாம்பு வளர்க்கிறவங்க இத ஹைட்னு சொல்லுவாங்க, நானும் அப்படியே சொல்றேன்.

மொதல்ல ஒரு விஷயத்த சொல்லிட்டுத்தான் மத்தது. இலங்கையில காட்டுல, தோட்டத்துல கெடைக்கிற பாம்ப புடிச்சி வீட்ல வளர்க்கக் கூடாது. 1937ஆம் ஆண்டு விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதுக்கப்புறம் வந்த திருத்தங்களும் நம்ம நாட்டுப் பாம்புகள்ல பெரும்பாலானதுக்கு பாதுகாப்பு குடுத்திருக்கு. வெளிநாட்டுப் பாம்ப கொண்டு வர்றதுக்கும் அனுமதி எடுக்கணும், காட்டு விலங்கு, தாவரங்கள நாடு விட்டு நாடு விக்கிறத கட்டுப்படுத்துற சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியல்ல மலைப்பாம்பு குடும்பம் முழுக்க இருக்கு, இலங்கை 1979ல இருந்து அதுல சேந்திருக்கு. அதனால நான் எழுதுறது முறையா அனுமதியோட வச்சிருக்கிறவங்களுக்கும், நம்ம மலையகத்துல இருந்து கனடா லண்டன்னு போய் அங்க சட்டப்படி கோர்ன் ஸ்நேக், போல் பைத்தன் மாதிரி பாம்புகள வளர்க்கிற நம்ம புள்ளைங்களுக்கும்தான். வீட்டு வாசல்ல சாரப்பாம்பு குட்டி வந்தா அத போத்தல்ல போட்டு வளர்க்க இத வாசிக்க வேணாம், அது போகட்டும் விடுங்க.

சரி, ஏன் ஒளியணும்? தேயிலை மலையில வேலை செஞ்ச யாரையாவது கேட்டுப் பாருங்க, பாம்ப எங்க பாத்தீங்கன்னு. நடு ரோட்டுலன்னு சொல்றவங்க கொறவு. கவ்வாத்து வெட்டின மலையில குவிஞ்சி கெடக்கிற மிலாறு, அதான் வெட்டிப் போட்ட தேயிலைக் கொப்பு, அந்தக் குவியலுக்குள்ள, கான் ஓரத்துல சருகுக்கு அடியில, கல்லுக்கட்டு இடுக்குல, தேயிலைத் தூருக்கு கீழ, இப்படித்தான் சொல்லுவாங்க. குணகட்டுவான்னு சொல்ற அந்த மூக்கு நுனி தூக்கின சின்ன விரியன் நாள் முழுக்க சருகுக்குள்ள அசையாம கெடக்கும், பக்கத்துல கால் வைக்கிற வரைக்கும் தெரியாது. நுவரெலியா பக்கம் மரக்கறித் தோட்டத்துல கல்ல பொரட்டும்போதும் கொம்போஸ்ட் குழிய கிளறும்போதும் வர்ற மெடில்லாங்கிற பாம்பு, மண்புழு தின்னுட்டு மண்ணோடயே வாழுற ஒண்ணு, மனுசனுக்கு அதால ஒரு கெடுதியும் இல்ல, உலகத்துல இலங்கைய தவிர வேற எங்கயும் இல்லாதது. வால் நுனி மழுங்கலா சொரசொரப்பா இருக்கிற மண்ணுளிப் பாம்புங்க இருக்கே, அதுங்க வாழ்க்கையே மண்ணுக்குள்ளதான்.

வெளிநாட்டுல வளர்க்கிற பாம்புகளும் அப்படித்தான். போல் பைத்தனோட ஊர் மேற்கு ஆப்பிரிக்காவும் மத்திய ஆப்பிரிக்காவும், அங்க அது எலி வங்குலயும் கரையான் புத்துலயும் பகல் பூரா கெடந்துட்டு ராத்திரிதான் வெளிய வரும். கோர்ன் ஸ்நேக் அமெரிக்காவோட தென்கிழக்குப் பக்கம், அது உரிஞ்ச மரப்பட்டைக்குக் கீழ, உழுத்துப் போன கட்டைக்குள்ள படுக்கும். இதெல்லாம் கூண்டுல பொறந்து வளந்த குட்டியா இருந்தாலும் அந்த கொணம் மாறாது.

இதுல இன்னொண்ணும் இருக்கு, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது. பாம்புக்கு கண் இமை கெடையாது. கண்ணு மேல கண்ணாடி மாதிரி ஒரு செதில்தான் மூடியிருக்கு, அதால கண்ண மூட முடியாது. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் வேணாம்னா இருட்டுக்குள்ள போறத தவிர அதுக்கு வேற வழியே இல்ல. காதும் வெளிய இல்ல, ஆனா தரையில வர்ற அதிர்வு ஒடம்பு பூரா தெரியும், நீங்க ரூமுக்குள்ள நடக்கிறது, கதவ சாத்துறது, டீவி சத்தத்துல மேசை அதிர்றது எல்லாமே. நாலு பக்கமும் கண்ணாடி, மேல லைட்டு, ஒளிய எடமில்ல, இப்படி ஒரு பாம்ப வைக்கிறது அத தூங்க விடாம வச்சிருக்கிறதுதான்.

அப்படி வச்சா என்ன ஆகும்னா, மொதல்ல சாப்பாட்ட நிறுத்தும். போல் பைத்தன் இதுல ரொம்ப பிடிவாதம், மாசக்கணக்கா சாப்பிடாம இருக்கும், வச்சிருக்கிறவங்க எலிய மாத்தி மாத்தி குடுத்துப் பாப்பாங்க, மருந்து தேடுவாங்க, கடைசியில பாத்தா டேங்க்ல ஒழுங்கா ஒரு ஹைட் இருக்காது. சிலது கண்ணாடியோரமா மூக்க உரசிக்கிட்டே சுத்தி சுத்தி வரும், மூக்கு நுனி புண்ணாகிரும். சிலது கைய பாத்தாலே கொத்த வரும், இது கோவக்கார பாம்புன்னு பேரு வச்சிருவாங்க, அது கோவம் இல்ல பயம். தின்ன இரைய கக்குறதும் உண்டு, அதுக்கு சூடு பத்தாததும் காரணமா இருக்கலாம், அத இப்ப சொல்றேன்.

ரெண்டு ஹைட் எதுக்கு? பாம்பு நம்மள மாதிரி ஒடம்புக்குள்ளயே சூடு உண்டாக்கிக்கிற பிராணி இல்ல. வெளிய இருந்துதான் சூட்ட எடுக்கணும், சூடு கூடிட்டா நகர்ந்து போய் ஆறணும். சாப்பிட்டது செரிக்க சூடு வேணும், நோய எதிர்க்கவும் சூடு வேணும். அதனால டேங்க்ல ஒரு பக்கம் சூடாவும் மறு பக்கம் குளிராவும் வைப்பாங்க. போல் பைத்தனுக்கு சூட்டுப் பக்கம் ஹைட்டுக்குள்ள தரையில 31ல இருந்து 33 பாகை செல்சியஸ், குளிர்ப் பக்கம் 24ல இருந்து 27. கோர்ன் ஸ்நேக்குக்கு கொஞ்சம் கொறச்சி, சூட்டுப் பக்கம் 29ல இருந்து 31, குளிர்ப் பக்கம் 21ல இருந்து 24 இருந்தா போதும்.

இப்ப ஹைட் ஒண்ணு மட்டும் குளிர்ப் பக்கம் இருக்குதுன்னு வைங்க. எலிய முழுங்கின பாம்புக்கு சூடு வேணும், ஆனா சூட்டுப் பக்கம் போனா மறைவு இல்ல. அது என்ன செய்யும்? பெரும்பாலும் மறைவத்தான் தேடும், குளிருல படுத்துக் கெடக்கும், வயித்துல இரை செரிக்காம கெட்டுப்போய் கக்கிரும். ஹைட்ட சூட்டுப் பக்கம் மட்டும் வச்சா அதுக்கு எதிர்மாறு, சூடு தாங்காட்டியும் அங்கயே கெடக்கும், ஒடம்புல தண்ணி வத்திப் போகும். சூடா, பாதுகாப்பான்னு அத தேர்ந்தெடுக்க வைக்கவே கூடாது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஹைட், ஒரே அளவு, ஒரே இருட்டு, அப்பதான் அது சூட்ட மட்டும் பாத்து எடம் மாறும். ஒண்ணு ஜம்முனு இருந்து இன்னொண்ணு ஓட்ட ஓட்டயா இருந்தா அது ஒண்ணு வச்ச கணக்குத்தான்.

நம்ம ஊருக் குளிர இங்க கணக்குல எடுக்கணும். இன்டர்நெட்டுல வாசிக்கிறதெல்லாம் ஹீட்டர் போட்ட வீட்டுக்காக எழுதினது, இல்ல கொழும்பு மாதிரி சூடான எடத்துக்கு சரியா வரும். நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,868 மீட்டர் உயரம், வருசத்துக்கு சராசரி 16 பாகை சொச்சம், தை மாசத்து விடியக்காலைல புல்லு மேல பனி உறையுற எடம். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை எல்லாம் அதவிட கொஞ்சம் பரவாயில்ல, ஆனாலும் ராத்திரி வீட்டுக்குள்ள 20க்கு கீழ போறது சாதாரணம். அப்படி ஒரு எடத்துல குளிர்ப் பக்கம் தானா வந்துரும், கஷ்டம் எல்லாம் சூட்டுப் பக்கம்தான். கீழ வைக்கிற ஹீட் மேட் தரைய சூடாக்குமே தவிர காத்த சூடாக்காது, கண்ணாடி டேங்க் சூட்ட நிக்கவும் விடாது. மரப் பெட்டி நல்லது. கண்ணாடிதான் இருக்குதுன்னா மூணு பக்கமும் வெளிய இருந்து ரிஜிபோம் ஒட்டுங்க, அதுல சூடும் நிக்கும், மூணு பக்கம் மறைவும் கெடைக்கும். மேல இருந்து சூடு குடுக்கிற செரமிக் ஹீட்டர் போட்டா சுத்தி கம்பி வலை கட்டாயம், பாம்பு அதுல போய் சுத்திக்கிட்டு பொசுங்கிப் போனது எத்தனையோ இருக்கு.

எந்த ஹீட்டரா இருந்தாலும் தெர்மோஸ்டட், அதாவது சூடு அளவுக்கு மேல போகாம பாத்துக்கிற கருவி, இல்லாம போடாதீங்க. பாம்பு வயித்துக்கு கீழ சுடுதுன்னு நாம நெனக்கிற மாதிரி ஒடனே உணர்ந்து வெலகாது, நல்ல மறைவா இருந்தா வேகுற வரைக்கும் அங்கயே படுத்திருக்கும். அதனால தெர்மோமீட்டர கண்ணாடில ஒட்டி வச்சிட்டு சூடு சரியா இருக்குதுன்னு நம்பாம, அதோட முனைய ஹைட்டுக்குள்ள பாம்பு படுக்கிற தரையில வச்சிப் பாருங்க. உள்ளுக்குள்ள சூடு குடுக்கிற கல்லுன்னு கடையில விப்பாங்க, அத வாங்கவே வேணாம்.

அளவு விசயத்துல எல்லாரும் செய்யுற ஒண்ணு என்னன்னா, பாவம் கொஞ்சம் விசாலமா இருக்கட்டும்னு பெருசா வைக்கிறது. பாம்புக்கு விசாலம் வேணாம், நெருக்கம்தான் வேணும். சுருண்டு படுத்தா ஒடம்போட ரெண்டு மூணு பக்கம் சுவத்துல படணும், முதுகு மேல்கூரைல லேசா முட்டணும், அப்பதான் அதுக்கு யாரும் பின்னால வர முடியாதுன்னு ஒரு தைரியம். வாசல் ஒண்ணே ஒண்ணு போதும், பாம்போட ஒடம்புல ரொம்ப தடிச்ச எடம் இரை முழுங்கின பிறகும் லேசா போய் வர்ற அளவு. ரெண்டு பக்கமும் தொறந்திருக்கிற அரை மரக்கட்டை பாக்க அழகா இருக்கும், ஆனா அது பாலம், ஹைட் இல்ல. குட்டி வளர வளர ஹைட்டயும் மாத்திக்கிட்டே வரணும், அதனால ஆரம்பத்துல வெல கூடினது வாங்கி காச கொட்ட வேணாம்.

வெல கூடினது தேவையும் இல்ல, பாம்பு அழகு பாக்காது. குட்டிக்கு தேங்காய் செரட்டை பாதி, ஓரத்துல வாசல் வெட்டி, அரத்தால நல்லா வழுவழுன்னு தேச்சி கவுத்து வச்சா போதும். பெருசுக்கு வெளிச்சம் ஊடுருவாத ஐஸ்கிரீம் டப்பா, சாப்பாட்டுப் பெட்டி, ஓரத்துல ஓட்டை போட்டு வெட்டின எடத்த சூடு காட்டி மழுங்க வைங்க, இல்லாட்டி சட்டை உரிக்கிற நேரம் தோல கிழிச்சிரும். கறுப்பு டப்பாதான் நல்லது, தெளிஞ்ச பிளாஸ்டிக்ல எவ்வளவு பெரிய வாசல் போட்டும் பிரயோசனம் இல்ல. மண் சட்டிய கவுத்து வச்சா கனமா நல்லா இருக்கும், ஆனா பூச்சட்டின்னா அடியில தண்ணி போற ஓட்டை இருக்கும் பாருங்க, அத அடைச்சிருங்க. தலை போனா ஒடம்பும் போகும்னு நெனச்சி பாம்பு அதுக்குள்ள நொழைஞ்சி பாதியில மாட்டிக்கும், செதில் பின்பக்கம் பாத்து இருக்கிறதால பின்னால வரவும் முடியாது. இப்படி மாட்டி ஒடம்பு வீங்கி செத்துப்போன பாம்புகள் உண்டு. ஓட்டைன்னா ஒண்ணு தாராளமா போற அளவு, இல்லாட்டி தலையே போகாத அளவு.

கல்லு அடுக்கி குகை கட்டணும்னு ஆசை இருந்தா, கல்ல நேரா டேங்க் தரையிலயே வச்சிட்டு அப்புறமா சுத்தி மண்ணு போடுங்க. மண்ணு மேல கல்ல வச்சா பாம்பு அடியில தோண்டும், கல்லு எறங்கி நசுக்கிரும். செலோடேப், டபுள் டேப் எதுவும் டேங்க்குக்கு உள்ள கூடவே கூடாது. பாம்பு அதுல ஒட்டிக்கிட்டா இழுக்க இழுக்க தோலோட கிழியும், பாக்கவே முடியாது. ஒட்டித்தான் ஆகணும்னா மீன் தொட்டிக்குப் போடுற சிலிக்கன் போட்டு நல்லா காய்ஞ்சி வாசம் போன பிறகு உள்ள வைங்க.

மலையில கொப்பும் கட்டையும் சும்மா கெடைக்குதேன்னு எடுக்கிறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. பைனஸ் கட்டை வேணாம், அதுல இருக்கிற பிசினும் வாசமும் பாம்போட மூச்சுக்கு ஆகாது, டர்பன்டைன் மரமும் அதே வாச விசயத்தால நான் சேர்க்க மாட்டேன். தேயிலை மலையில இருந்து மிலாறு எடுக்கிறதா இருந்தா அந்த மலைக்கு கடைசியா எப்ப புல்லு மருந்து அடிச்சாங்கன்னு தெரியாம எடுக்காதீங்க, மருந்து அடிச்ச எடம்னா எத்தன தரம் கழுவினாலும் வேணாம். மத்த கட்டைன்னா நல்லா தேச்சிக் கழுவி, கொதி தண்ணி ஊத்தி, வெயில்ல முழுசா காய வச்சி உள்ள போடலாம்.

சட்டை உரிக்கிற நேரம் மூணாவதா ஒரு ஹைட் வேணும், ஈரமானது. பாம்போட கண்ணு நீலம் பூத்து மங்கினா சட்டை கழட்டப் போகுதுன்னு அர்த்தம், அந்த நாள்ல அதுக்கு கண்ணு சரியா தெரியாது, அதனால ரொம்ப ஒளியும், தொடாம விட்டுருங்க. சில நாள்ல கண்ணு மறுபடி தெளியும், அதுக்கப்புறம் வாயோரத்துல இருந்து ஒரே சட்டையா கழண்டு வரணும். காத்து காய்ஞ்சி இருந்தா துண்டு துண்டா வரும், வால் நுனியில வளையமா நின்னு ரத்த ஓட்டத்த அடைக்கும், கண்ணு மேல இருக்கிற பழைய மூடி அப்படியே நின்னுரும். அத நகத்தால உரிக்கப் போகாதீங்க, கண்ணே போயிரும்.

ஈர ஹைட் ரொம்ப சுலபம். மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பால வாசல் வெட்டி, உள்ள நனைச்சிப் புழிஞ்ச தும்புத்தூளோ பாசியோ, ஒண்ணும் இல்லாட்டி வெள்ள டிஷ்யூ பேப்பரோ போடுங்க. கையால புழிஞ்சா சொட்டு விழக்கூடாது, அதுதான் அளவு. பாசிய கடையில வாங்குங்க, ஹோர்ட்டன் சமவெளி மாதிரி எடத்துல மரத்துல இருந்து சொரண்டிக்கிட்டு வர்றது குத்தம், பாவமும்கூட. வெளியதான் எப்பவும் மிஸ்ட்டும் மழையும் இருக்கே, இது எதுக்குன்னு நம்ம ஊர்ல கேப்பாங்க. ஹீட்டர் போட்ட பெட்டிக்குள்ள காத்து காய்ஞ்சிரும், வெளிய மிஸ்ட் இருக்கிறது உள்ள இருக்கிற பாம்புக்கு ஒதவாது. ஆனா இந்த ஈர ஹைட்ட குளிர்ப் பக்கம் வைக்கவே கூடாது, நடுவுல இல்லாட்டி சூட்டுப் பக்கத்துக்கு கிட்ட வைங்க. குளிரும் ஈரமும் சேந்தா பாம்புக்கு மார்ச்சளி புடிக்கும், வாயில நொர வரும், மூச்சு விடும்போது சத்தம் கேக்கும், தலைய மேல தூக்கி வச்சிக்கிட்டே இருக்கும். அப்படிப் பாத்தா மிருக வைத்தியர்கிட்ட கொண்டு போங்க, வீட்டு வைத்தியம் பாக்க வேணாம். நுவரெலியா குளிர்ல இதுதான் மொதல் ஆபத்து.

மரத்துல வாழுற பாம்புன்னா தரையில டப்பா வச்சி பிரயோசனம் இல்ல, அதுக்கு ஒசரத்துல அடர்த்தியா எலை வேணும், பிளாஸ்டிக் எலையா இருந்தாலும் பரவாயில்ல. மண்ணுக்குள்ள பொதையுற வகைக்கு போட்டிருக்கிற மண்ணே ஹைட், ஆழமா போட்டா போதும்.

எல்லாம் வச்சாச்சு. பாம்பு வந்ததும் மொத ஒரு கிழமை தொடாதீங்க, தண்ணி மட்டும் மாத்துங்க, எட்டிப் பாக்கிறதையும் கொறைங்க. சின்னப் புள்ளைங்க இருக்கிற வீட்ல இதுதான் கஷ்டம், பாவம் அதுங்களுக்கு பாக்கணும்னு ஆசையா இருக்கும், ஆனா அந்த ஒரு கிழமைய விட்டுக் குடுத்தா அப்புறம் அதே பாம்பு பயமில்லாம தானா வெளிய வந்து சுத்தும். ஒளிய எடம் இருக்கிற பாம்புதான் தைரியமா வெளிய வரும், எடத்த எடுத்துட்டா பாக்கலாம்னு நெனக்கிறவங்களுக்கு கெடைக்கிறது பயந்து மூலையில ஒடுங்கிக் கெடக்கிற பாம்புதான்.

வெளிய எடுக்கணும்னா வாசலுக்குள்ள கைய விட்டு இழுக்காதீங்க. அதோட எடத்துக்குள்ள வர்ற கை அதுக்கு எதிரிதான், கொத்தும், கொத்தாட்டியும் அந்த எடத்து மேல இருந்த நம்பிக்கை போயிரும். ஹைட்ட மெதுவா மேல தூக்கி ஒரு பக்கம் வச்சிட்டு, பாம்பு உங்கள பாக்க கொஞ்சம் நேரம் குடுத்து, ஒடம்போட நடுவுல தாங்கி எடுங்க. சாப்பிட்டு 2 நாளைக்கும், கண்ணு நீலமா இருக்கும்போதும் வேணாம்.

பாம்பு எங்க படுக்குதுன்னு கவனிச்சிக்கிட்டே இருங்க, அதுல நெறைய தெரியும். எப்பவும் சூட்டு ஹைட்லயே கெடந்தா பெட்டி முழுக்க குளிரா இருக்கலாம், மார்கழி தை மாசத்துல மொதல்ல இத பாருங்க. எப்பவும் குளிர்ப் பக்கமே கெடந்தா சூட்டுப் பக்கம் கூடிப்போச்சு. தண்ணிப் பாத்திரத்துக்குள்ளயே ஊறிக்கிட்டு கெடந்தா சூடா இருக்கலாம், ஒடம்புல சின்ன உண்ணி இருக்கலாம், இல்ல அந்தப் பாத்திரத்த தவிர ஒடுங்குறதுக்கு அதுக்கு வேற எடம் இல்லாம இருக்கலாம். மாறி மாறி ரெண்டுலயும் படுத்தா நீங்க சரியா வச்சிருக்கீங்க.

மழைக்காலத்துல கரண்ட் போனா, ஹைட்டோடயே பாம்ப விட்டுட்டு பெட்டி மேல கம்பளி போத்துங்க, காத்து போக ஒரு பக்கம் விட்டுட்டு. சுடுதண்ணி போத்தல துணியில சுத்தி சூட்டு ஹைட்டுக்குப் பக்கத்துல வெளிய வைக்கலாம், உள்ள பாம்பு மேல படுற மாதிரி வேணாம். ஒரு ராத்திரி கொஞ்சம் குளிர்றதால செத்துராது, ஆனா அன்னைக்கு இரை குடுக்காதீங்க, குடுக்கிற நாளா இருந்தா தள்ளிப் போடுங்க.

கழுவுறத பத்தி கேக்கிறவங்களுக்கு: எச்சம் பட்டா ஒடனே, மத்தபடி மாசம் ஒரு தரம் சுடுதண்ணியில கழுவி நல்லா காய வைங்க. ரெண்டு ஹைட்டயும் ஒரே நாள்ல கழுவாதீங்க, ஒண்ணுலயாவது அதோட வாசம் இருக்கட்டும். ஈர ஹைட்ட மட்டும் கிழமைக்கு ஒருக்கா தொறந்து பாத்து, பூஞ்சணம் புடிச்சிருந்தா உள்ள இருக்கிறத முழுசா மாத்திருங்க.